வலி மாத்திரையை நிறுத்தியதும் உடம்பு ஏன் இப்படிப் படுத்துகிறது? ஓபியாய்டிலிருந்து பாதுகாப்பாக வெளியே வருவது எப்படி?

காலை நேரத்தில் திருவனந்தபுரம் தம்பானூரில் போய் நின்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ் காதில் விழும். நாகர்கோவில் பக்கமிருந்து வரும் ரயில்களில் ஒரு கூட்டம் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறது. இன்னொரு கூட்டம், கையில் ஸ்கேன் கவரோடு மெடிக்கல் காலேஜுக்கும் அதே வளாகத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும், அதாவது ஆர்.சி.சி.க்கும் போகிறது.

இந்த இரண்டு கூட்டத்தின் பைகளிலும் வலி மாத்திரை இருக்க வாய்ப்புண்டு. சிலருக்கு அது உயிர்த்துணை. சிலருக்கு, எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாமல் மாட்டிக்கொண்ட ஒரு பிடி.

ஒரு உதாரணத்துக்கு இப்படி ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது 29, ஐடி வேலை. பைக் விபத்து, முதுகில் ஆபரேஷன். டாக்டர் இரண்டு வாரத்துக்கு டிரமடால் எழுதிக்கொடுத்தார். வலி குறைந்தது, தூக்கமும் வந்தது, மனசும் லேசானது. இரண்டு வாரம் எட்டு மாதமாகிவிட்டது. ஒரு நாள் மெடிக்கல் ஷாப்பில், "புது சீட்டு இல்லாம தர முடியாது" என்கிறார்கள். "சரி, இத்தோட விட்டுடலாம்" என்று அவரும் நினைக்கிறார். மறுநாள் காலையில் கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகுகிறது, உடம்பெல்லாம் வியர்வை, கால் குடைச்சல். வைரஸ் காய்ச்சல் என்று ஆபீசுக்கு லீவு சொல்கிறார். இரண்டாம் நாள் இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள், எங்கிருந்தோ ஒரு அட்டை மாத்திரை வாங்கிப் போடுகிறார். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

அந்த நொடியில் அவருக்கு ஒரு விஷயம் புரிகிறது. இது காய்ச்சல் இல்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும்தான் இந்தக் கட்டுரை. தனியாக, திடீரென்று நிறுத்த வேண்டாம். உடம்புக்கு டாக்டர் வேண்டும். அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்கு, அதே வழியில் நடந்து வந்த மனிதர்கள் வேண்டும். இரண்டையும் எங்கே, எப்படித் தேடுவது என்று பார்க்கலாம்.

ஓபியாய்டு என்றால் எந்தெந்த மாத்திரைகள்?

பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை ஓபியாய்டு அல்ல. அபினியிலிருந்து வந்தவையும், அதே போல மூளையில் வேலை செய்யும்படி ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டவையும்தான் ஓபியாய்டுகள். மார்ஃபின், கோடீன், ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால் எல்லாம் இந்தக் குடும்பம். சில இருமல் சிரப்களில் கோடீன் இருக்கும். பாரசிட்டமாலுடன் டிரமடால் சேர்ந்த கூட்டு மாத்திரைகளும் உண்டு. எனவே அட்டையின் முன்பக்கப் பெயரோடு நிற்காமல், பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள்.

இந்தியாவில் டிரமடால் நீண்ட காலம் சாதாரண வலி மாத்திரை போலவே கிடைத்து வந்தது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்-1 பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அதன்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதிக்கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 26 அன்று என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் டிரமடால் கொண்டுவரப்பட்டது.

கட்டுப்பாடு தேவைதான். ஆனால் ஏற்கெனவே பழகிப்போன ஒருவருக்கு ஒரே நாளில் மாத்திரை நின்றால் என்ன ஆகும்? ஒன்று, அவர் வித்ட்ராவலில் விழுவார். இல்லையென்றால் சீட்டு கேட்காத கடையையோ, தெருவில் விற்பவரையோ தேடிப் போவார். சென்னையில் டேபென்டடால் போன்ற மாத்திரைகளைப் போதைக்காக விற்றதாகக் கைதுச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் ஆபத்தான பழக்கமும் அதில் அடக்கம்.

எத்தனை பேர் இதில் இருக்கிறார்கள்?

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 2.26 கோடி பேர் ஏதோ ஒரு ஓபியாய்டைப் பயன்படுத்துவதாக அது சொன்னது. மருந்துக்கடை வகை ஓபியாய்டுகளை மருத்துவக் காரணமில்லாமல் பயன்படுத்துபவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 1 சதவீதம். ஓபியாய்டு பிரச்சினைக்கு உதவி தேவைப்படுபவர்கள் சுமார் 77 லட்சம் பேர். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.

நிறுத்தினால் உடம்பு ஏன் இப்படி ஆகிறது?

நம் உடம்பே எண்டார்ஃபின் போன்ற வலி நிவாரணிகளைச் சுரக்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் அவை போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஓபியாய்டு மாத்திரையும் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. வலி குறைகிறது. கூடவே மூச்சு, குடல் அசைவு, விழிப்புணர்வு எல்லாமே கொஞ்சம் மந்தமாகின்றன.

வாரக்கணக்கில் இப்படி இருந்தால், உடம்பு சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. குறிப்பாக, நம்மைப் பதற்றத்திலும் விழிப்பிலும் வைத்திருக்கும் நார்அட்ரினலின் அமைப்பு, மாத்திரையின் அழுத்தத்தை எதிர்த்து இன்னும் வேகமாக வேலை செய்யப் பழகுகிறது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்த ஸ்பிரிங் போல. கையைச் சட்டென்று எடுத்தால் ஸ்பிரிங் துள்ளும் இல்லையா? அந்தத் துள்ளல்தான் வித்ட்ராவல்.

அதனால்தான் மாத்திரை செய்ததற்கு நேர் எதிரானவை எல்லாம் வருகின்றன. மலச்சிக்கல் இருந்த இடத்தில் வயிற்றுப்போக்கு. தூக்கம் இருந்த இடத்தில் விழிப்பு. அமைதி இருந்த இடத்தில் பதற்றம். வலி குறைந்திருந்த இடத்தில், முன்பைவிட அதிக வலி.

கடைசியாகச் சொன்னது முக்கியம். பலர் "பழைய முதுகு வலி திரும்பி வந்துடுச்சு, மாத்திரை இல்லாம என்னால முடியாது" என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். அந்த வலியில் ஒரு பங்கு வித்ட்ராவலே கிளப்பிவிடுவது. நரம்புகள் அடங்க அடங்க அது குறையும்.

இதில் மனத்திடம், ஒழுக்கம் என்று பேச ஒன்றுமில்லை. டாக்டர் சொன்ன அளவில் சரியாகச் சாப்பிட்டவருக்கும் இதே உடல் மாற்றம் நடக்கும்.

அப்படியானால் நான் 'அடிக்ட்' ஆகிவிட்டேனா?

உடம்பு பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 வரையறையில் 11 அறிகுறிகள் உள்ளன. நினைத்ததைவிட அதிகமாகச் சாப்பிடுவது, குறைக்க முயன்று தோற்பது, மாத்திரையைத் தேடுவதிலேயே நேரம் போவது, ஏக்கம், வேலையிலும் வீட்டிலும் பாதிப்பு வந்தும் விட முடியாமல் இருப்பது போன்றவை அவை. ஒரு வருடத்துக்குள் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிரச்சினை இருப்பதாகக் கொள்வார்கள். டாக்டரின் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட்டவருக்கு, அளவு கூடுவதும் வித்ட்ராவல் வருவதும் இந்தக் கணக்கில் சேராது.

எனவே நீங்களே உங்களுக்கு முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம். எந்த வகையாக இருந்தாலும் பாதுகாப்பாக வெளியே வரும் வழி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எத்தனை நாள் நீடிக்கும்?

விரைவில் உடம்பை விட்டுப் போகும் ஓபியாய்டுகளுக்குப் பொதுவாக இப்படி இருக்கும்:

• முதல் 8 முதல் 24 மணி நேரத்துக்குள்: கொட்டாவி, கண்ணீர், மூக்கு ஒழுகல், வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை.
• 2, 3-ம் நாள்: உச்சம். வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, மயிர்க்கூச்செறிதல், எலும்புக்குள் குடைவது போன்ற வலி, கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்பு.
• 4 முதல் 10 நாட்களுக்குள்: உடல் தொந்தரவுகள் பெரும்பாலும் அடங்கும்.
• அடுத்த சில வாரங்கள், மாதங்கள்: தூக்கக் குறைவு, சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, திடீரென வரும் ஏக்கம்.

டிரமடாலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது ஓபியாய்டாக மட்டும் வேலை செய்வதில்லை. சில மனச்சோர்வு மருந்துகளைப் போல செரட்டோனின், நார்அட்ரினலின் அளவுகளையும் மாற்றுகிறது. அதனால் நிறுத்தும்போது சிலருக்குக் கடும் பீதி, குழப்பம், கை கால் மரத்துப்போதல், இல்லாததைப் பார்ப்பது, கேட்பது போன்றவையும் வரலாம். அதிக அளவில் சாப்பிட்டால் வலிப்பு வரும் அபாயமும் உண்டு. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

திடீரென நிறுத்துவதில் என்ன ஆபத்து?

"நாலு நாள் பல்லைக் கடிச்சுட்டு இருந்தா போயிடும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆரோக்கியமான ஒருவரை ஓபியாய்டு வித்ட்ராவல் மட்டுமே கொல்வது அரிது. ஆனால் அதைச் சுற்றியுள்ளவை ஆபத்தானவை.

முதலாவது, நீரிழப்பு. நிற்காத வாந்தியும் பேதியும் சேர்ந்தால் உடம்பு தாங்காது.

இரண்டாவது, தூக்கத்துக்காக மதுவையோ தூக்க மாத்திரையையோ நாடுவது. பொறுக்க முடியாமல் மீண்டும் ஓபியாய்டைப் போட்டால், இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும். ஏற்கெனவே தினமும் மதுவோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் அவற்றையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அதில் வலிப்பு வரலாம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது. சில நாட்கள் நிறுத்தியதுமே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. பத்து நாள் கழித்து மனம் தளர்ந்து, "எப்பவும் போடுற அளவுதானே" என்று பழைய எண்ணிக்கையைப் போட்டால், அதுவே அளவு மீறியதாகிவிடும். மூச்சு நின்றுபோகும் அபாயம் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். நிறுத்துவதில் வெற்றி பெற்றவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார். இது வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருவர் எழுப்பினாலும் எழாமல், மூச்சு மிக மெதுவாக, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விடாதீர்கள். என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாலாக்ஸோன் என்ற மாற்று மருந்து ஆளை மீட்கும்.

2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஓபியாய்டுக்கு உடல் பழகியவர்களிடம் மருந்தைச் சட்டென நிறுத்த வேண்டாம் என்று டாக்டர்களையே எச்சரித்தது. கடும் வலி, மன உளைச்சல், தற்கொலை வரை போன நிகழ்வுகள் அதற்குக் காரணம். கர்ப்பிணிகள் தாங்களாக நிறுத்தவே கூடாது. கருவுக்கு ஆபத்து.

டாக்டர் என்ன செய்வார்?

முதலில் கேள்விகள். என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை மாதமாக, கடைசியாக எப்போது? உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். "நாலுதான்" என்று குறைத்துச் சொன்னால் சிகிச்சையின் அளவே தப்பாகிவிடும். வித்ட்ராவலின் கடுமையை அளக்க 11 அம்சங்கள் கொண்ட ஒரு மதிப்பெண் முறையும் உண்டு. நாடித் துடிப்பு, கண்மணி அளவு, வியர்வை, கொட்டாவி எல்லாம் அதில் வரும்.

பிறகு பொதுவாக மூன்று வழிகள்:

படிப்படியாகக் குறைப்பது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதத்துக்கு 10 சதவீதம் போல மெதுவாகக் குறைப்பதே பெரும்பாலும் தாங்கக்கூடியது என்கிறது அமெரிக்க சி.டி.சி.யின் 2022 வழிகாட்டுதல். குறைவான காலம் சாப்பிட்டவர்களுக்கு இதைவிட வேகமாகக் குறைக்கலாம். இடையில் ஒரு கட்டத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வதும் தோல்வி கிடையாது.

அறிகுறிகளுக்கு மருந்து. வியர்வை, நடுக்கம், பதற்றத்துக்குக் குளோனிடின். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால் கண்காணிப்பு தேவை. வாந்தி, பேதி, உடல் வலிக்குத் தனித்தனி மருந்துகள்.

பியூப்ரெனார்ஃபின். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை. ஓபியாய்டு உட்காரும் அதே இடத்தில் உட்காரும், ஆனால் பாதி அளவுக்குத்தான் வேலை செய்யும். ஏக்கமும் வித்ட்ராவலும் அடங்கும், ஆள் வேலைக்குப் போய் வர முடியும். வித்ட்ராவல் தொடங்கிய பிறகுதான் இதை ஆரம்பிப்பார்கள். அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் வித்ட்ராவல் ஒரேயடியாகக் கிளம்பிவிடும். இதை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. டீ-அடிக்‌ஷன் மையங்கள், மனநல மருத்துவர்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று சிலர் கேட்பார்கள். ஓபியாய்டுக்கு அடிமையானவர்களின் இறப்பைக் குறைப்பதில் வலுவான ஆதாரம் உள்ள சிகிச்சைகளில் இது ஒன்று.

இந்த நாட்களில் வீட்டில் செய்யக்கூடியது எளிமையானது. உலக சுகாதார அமைப்பின் 2009 வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறது. ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் உதவும். கால் குடைச்சலுக்கு வெந்நீர்க் குளியல். வலுக்கட்டாயமாக உடற்பயிற்சி செய்ய வைக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. "எந்திரிச்சு நாலு ரவுண்டு ஓடு, சரியாயிடும்" என்று சொல்லும் அண்ணன்களுக்கு இது தெரியட்டும்.

மாத்திரை ஆரம்பித்ததற்குக் காரணமான வலியையும் மறந்துவிடக் கூடாது. பிசியோதெரபி, ஓபியாய்டு அல்லாத வலி மருந்துகள், நரம்பு வலிக்கான மருந்துகள் என்று ஒரு மாற்றுத் திட்டம் கையில் இல்லாமல் குறைக்க ஆரம்பித்தால், பாதியிலேயே திரும்பி வர நேரும்.

உடம்பு சரியான பிறகு ஏன் துணை தேவை?

பத்தாம் நாள் உடம்பு அடங்கிவிட்டது. எல்லோரும் "பரவாயில்லையே, விட்டுட்டியே" என்கிறார்கள். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். நாற்பதாவது நாள் இரவு 2 மணிக்குத் தூக்கம் வராது. மறுநாள் கிளையன்ட் கால். பையில் ஒரு பழைய அட்டை இருப்பது நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் டாக்டருக்குப் போன் போட முடியாது. மனைவியை எழுப்பினால் பயந்துவிடுவார். அப்பாவிடம் சொல்லவே முடியாது.

அந்த நேரத்தில் போன் போட, "எனக்கும் நாப்பதாவது நாள் அப்படித்தான் இருந்துச்சு, ஒரு மணி நேரம் தள்ளிப்போடு, அதுவரைக்கும் பேசிட்டு இருப்போம்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் நிலைமை வேறு. தோழமை ஆதரவு, ஆங்கிலத்தில் பியர் சப்போர்ட் என்பது சுருக்கமாக இதுதான்.

இதில் பரவலாகத் தெரிந்தது நார்கோட்டிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக என்.ஏ. மதுவிலிருந்து மீள்பவர்களுக்காக 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைப் பின்பற்றி, 1953-ல் கலிஃபோர்னியாவில் உருவானது. இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் கூடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கூட்டங்கள் நடக்கின்றன. ஆன்லைன் கூட்டங்களும் உண்டு.

முதல் கூட்டத்தில் என்ன நடக்கும்?

பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். "யாராவது தெரிஞ்சவங்க பார்த்துட்டா?", "எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லச் சொல்வாங்களா?"

பொதுவாக ஒரு சாதாரண அறை, சில நாற்காலிகள், டீ. கட்டணம் இல்லை, வருகைப் பதிவு இல்லை. முதல் பெயர் போதும், ஊரும் கம்பெனியும் யாரும் கேட்க மாட்டார்கள். பேச விருப்பமில்லை என்றால் "இன்னிக்கு கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிடலாம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ இல்லை. உறுப்பினராக ஒரே தகுதி, விட வேண்டும் என்ற விருப்பம். பயன்படுத்துபவர்களுக்கு மட்டுமான கூட்டம், யாரும் வரக்கூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. தயக்கம் இருந்தால் இரண்டாவது வகையில் ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு போகலாம்.

புதிதாக வருபவருக்கு வெள்ளை நிறச் சாவிக்கொத்து ஒன்று கொடுப்பது வழக்கம். 30 நாளுக்கு ஆரஞ்சு, 60 நாளுக்குப் பச்சை, 90 நாளுக்குச் சிவப்பு என்று நிறம் மாறும். சின்ன விஷயம்தான். ஆனால் பைக் சாவியோடு அது தொங்குவது எதற்கென்று அவருக்கு மட்டும் தெரியும். இடையில் வழுக்கிவிட்டால் மீண்டும் வெள்ளையிலிருந்து தொடங்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

12 படிகள் கொண்ட இந்த முறையில் 'தனக்கு மேலான சக்தி' என்ற பேச்சு வரும். அது அவரவர் புரிதலுக்கு விடப்பட்டது. அது ஒத்துவராதவர்களுக்கு, சிந்தனை முறையை மாற்றும் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட ஸ்மார்ட் ரெகவரி போன்ற குழுக்கள் ஆன்லைனில் உண்டு. வீட்டாருக்கென்று நார்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது.

இவை எல்லாம் சிகிச்சைக்குத் துணைதான், சிகிச்சைக்குப் பதில் கிடையாது. சில குழுக்களில், "பியூப்ரெனார்ஃபின் எடுத்தா நீ முழுசா விட்டதா அர்த்தமில்லை" என்று யாராவது சொல்லலாம். அதைக் கேட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். வேறு குழு பாருங்கள். மருந்து விஷயத்தில் டாக்டர் பேச்சுதான் கடைசி.

எந்த மையத்தை நம்பலாம்?

சென்னை அடையாறு பகுதியில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை இந்தத் துறையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு அவர் தொடங்கியது அது. சிகிச்சை, ஆலோசனை, குடும்பத்துக்கான பயிற்சி மூன்றையும் சேர்த்துச் செய்யும் முறையை அது பரவலாக்கியது. ஒரு மையத்தில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

இவை இருந்தால் விலகிவிடுங்கள்:

• மாநில மனநல ஆணையப் பதிவு பற்றிக் கேட்டால் மழுப்புவது.
• "100 சதவீத கேரண்டி" என்று முன்பணம் கேட்பது.
• ஆளைக் கட்டாயமாகத் தூக்கிப்போய்ப் பூட்டி வைப்பது, வீட்டாரைப் பார்க்க விடாமல் தடுப்பது.
• மனநல மருத்துவரே இல்லாமல் மாத்திரை கொடுப்பது.

வேலை, சட்டம், இன்சூரன்ஸ்: என்ன ஆகும்?

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கம் தொடர்பான பாதிப்புகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அதனால் சிகிச்சை பெறும் உரிமையும், விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மெடிக்கல் லீவு சான்றிதழில் என்ன எழுதுவது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

"சிகிச்சைக்குப் போனா போலீஸ் பிடிச்சுட்டா?" என்ற பயமும் உண்டு. சிகிச்சை தேடுவதே குற்றமாகாது. பயன்படுத்தியதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்று முடிப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தர என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது.

இன்சூரன்ஸில்தான் சிக்கல். மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 சட்டம். ஆனால் பல பாலிசிகளில் மது, போதைப் பழக்கச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் செலவைத் திட்டமிடுங்கள். அரசு மையங்கள் இருப்பதால் பணமில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்கள் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். தம்பானூரில் இறங்கி ஆர்.சி.சி.க்குப் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1985-ல் என்.டி.பி.எஸ். சட்டம் வந்த பிறகு, நடைமுறைச் சிக்கலுக்குப் பயந்தே மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. லட்சக்கணக்கான புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தார்கள். அதை மாற்றப் போராடியவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண சேவையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2003-ல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பை நிறுவினார். 2008-ல் கேரளம் வலி தணிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2014-ல் சட்டமும் தளர்த்தப்பட்டது.

கடும் வலிக்கு, தகுந்த கண்காணிப்பில் தரப்படும் மார்ஃபின் தேவையான மருந்து. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அம்மாவின் மார்ஃபின் மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"மனசு வெச்சா விட்டுடலாம்" என்று சொல்லாதீர்கள். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு? டாக்டர்கிட்ட நானும் வரேன்" என்று சொல்லுங்கள். மாத்திரைகளைத் திடீரென்று பிடுங்கி எறியாதீர்கள். குறைக்கும் அட்டவணைப்படி தினசரி அளவை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை, அவர் சம்மதத்தோடு ஏற்கலாம். முடிந்த பிறகு மீதி மாத்திரைகளை வீட்டில் வைக்காதீர்கள். மீண்டும் ஒருமுறை வழுக்கினால், "அவ்வளவுதான், நீ திருந்த மாட்ட" என்ற வார்த்தைதான் ஆளை மறைவாகச் சாப்பிட வைக்கும்.

இன்றே யாரை அழைப்பது?

• 14416: டெலி மனஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண். தமிழில் பேசலாம்.
• 14446: மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண்.
• 14405: கேரள அரசின் விமுக்தி திட்ட உதவி எண்.
• 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்.
• 108: உயிருக்கு ஆபத்து என்றால்.

திருவனந்தபுரத்தில் இருப்பவர்கள் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்கோ, ஊளம்பாறை அரசு மனநல மையத்துக்கோ போகலாம். விமுக்தி திட்டத்தின் சிகிச்சை மையம் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையில் இருக்கிறது. தினமும் நாகர்கோவிலிலிருந்து தம்பானூர் வந்து போகிறவர்களுக்கு அது வழியில் வரும் ஸ்டேஷன்தான். எண்ணில் அழைத்து நேரம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்து திரும்பும் ஒரு நாளில் அங்கே இறங்கிப் பார்க்கலாம். டாக்டரைப் பார்க்கும் வரை, இப்போது எடுக்கும் அளவைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.